'லி' விதியும் காணாமல் ஆக்கப்பட்டோரும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சலில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். தன் மாணவர்களுக்கு ஆங்கிலத்தின் பெயரடையையும் வினையடையையும் பிரித்தறியத் தெரியவில்லை என்றும், "'லி' என்று முடிந்தால் வினையடை, முடியாவிட்டால் பெயரடை" என்ற ஒரே விதியை மனனம் செய்வித்து அவர்களைச் சாதாரண தரப் பரீட்சைக்கு அனுப்புவதாகவும், அன்றாட ஆங்கிலத்துக்கு அதற்குமேல் தேவையில்லை என்று மூத்த ஆசிரியர்கள் கூறுவதாகவும் எழுதியிருந்தார். பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவர் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன என்பது அவருடைய கேள்வி.

எனது கருத்து இதுதான். அந்த விதி பிழையானது. அதற்குமேல் தேவையில்லை என்ற எண்ணம் அதைவிடப் பிழையானது. அந்த எண்ணத்தை வன்னியில் பரப்புவது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. வேறு ஊர்களில் இது சில புள்ளிகள் பற்றிய விடயமாக இருக்கலாம். தம்மைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கைகளையும் சத்தியக் கடதாசிகளையும் நம்பி வாழ நேர்ந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு, எந்தச் சொல் எதைப் பற்றி நிற்கிறது என்பது நீதி பற்றிய விடயம். இதை விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் விதியை எடுத்துக்கொள்வோம். 'குயிக்' பெயரடை, 'குயிக்லி' வினையடை. 'கெயார்ஃபுல்' பெயரடை, 'கெயார்ஃபுலி' வினையடை. பாடநூலில் வரும் சோடிகள் எல்லாம் இப்படி விதிக்குப் பணிந்து நடக்கின்றன. வகுப்பறைக்கு வெளியே வந்ததும் விதி தடுமாறுகிறது. 'பிரெண்ட்லி', 'லோன்லி', 'லவ்லி', 'கோஸ்ட்லி', 'எல்டர்லி' ஆகிய யாவும் 'லி' என்று முடிந்தும் பெயரடைகளே. 'ஃபாஸ்ட்' என்ற சொல் வால் இல்லாமலே இரண்டு வேலையையும் செய்கிறது. 'டெய்லி', 'ஏர்லி' ஆகியன வாலோடு இரண்டு வேலையையும் செய்கின்றன. 'குட்' என்ற பெயரடைக்கு இணையான வினையடை 'வெல்'. அங்கே வாலும் இல்லை, முகச்சாயலும் இல்லை. இவை அகராதியின் மூலையில் கிடக்கும் சொற்கள் அல்ல. ஒருநாள் ஆங்கிலம் பேசினால் இவற்றில் பாதியாவது வாயில் வந்துவிடும்.

விதி சும்மா தடுமாறினாலும் பரவாயில்லை; சில இடங்களில் அது ஆளையே கவிழ்த்துவிடுகிறது. வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞர் தான் கடுமையாக உழைப்பவர் என்று சொல்ல விரும்புகிறார். 'ஹார்ட்' பெயரடை, எனவே 'லி' சேர்த்தால் வினையடை என்று கணக்குப் போட்டு 'ஐ வேர்க் ஹார்ட்லி' என்கிறார். நான் வேலையே செய்வதில்லை என்பதற்கு மிக அண்மையான பொருள் அது. விதிப்படி நடந்ததற்கு அவருக்குக் கிடைத்த பரிசு. 'லேற்' என்றால் பிந்தி; 'லேற்லி' என்றால் அண்மைக்காலமாக. 'நியர்' என்றால் அருகில். 'நியர்லி' என்றால் ஏறக்குறைய. ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் வால் முளைத்ததும் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்ற விகுதி பெயரடையை ஆக்கியது. அதனுடன் ஓர் 'எ' சேர்ந்தால் வினையடை. காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து ஒரே 'லி' ஆகிவிட்டன. அதனால்தான் 'பிரெண்ட்லி' பெயரடையாகவும் 'குயிக்லி' வினையடையாகவும் இன்று ஒரே முகத்தோடு நிற்கின்றன. 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்', 'டீப்' போன்றவை வெறும் 'எ' விகுதியால் வினையடையாகியிருந்தவை. அந்த 'எ' உதிர்ந்தபோது பெயரடையும் வினையடையும் உருவத்தில் ஒன்றாகிவிட்டன. 1762இல் ஆங்கில இலக்கணம் எழுதிய றொபேர்ட் லோத் பெயரடையின் உருவத்தை வினையடையாக வழங்குவதைப் பிழை என்று கண்டித்தார். அவரும் அவர் வழிவந்த பள்ளி இலக்கணங்களும் விதித்த ஒழுங்கு வீதிக்கு இன்னமும் முழுதாக வந்து சேரவில்லை. 'டிரைவ் ஸ்லோ' என்று பலகை வைப்பவன் பிழை செய்யவில்லை. பழைய வழக்கைத் தொடர்கிறான்.

அந்த 'லிக்' என்ற சொல்லுக்கு ஆதியில் உடல், உருவம் என்று பொருள். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு எங்களூர்ப் பேச்சுத் தமிழ் நினைவுக்கு வந்தது. வடிவு என்றால் உருவம். 'வடிவான பிள்ளை' என்றால் அழகான பிள்ளை. 'வடிவாய்ப் பார்' என்றால் அழகாகப் பார் என்பதல்ல. நன்றாக, ஒன்றும் விடாமல் பார் என்பது பொருள். உருவத்தைக் குறித்த சொல் பெயரோடு சேரும்போது ஒரு பொருளும், வினையோடு சேரும்போது இன்னொரு பொருளும் தருகிறது. 'ஹார்ட்', 'ஹார்ட்லி' செய்யும் வேலையை வன்னியில் ஒவ்வொரு பாட்டியும் 'வடிவு' என்ற சொல்லை வைத்து நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு வேறுபாடு புரியாது என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

தமிழ் இலக்கணம் இதற்கென்று ஒரு கருவியையே வைத்திருக்கிறது. அதன் பெயர் எச்சம். தனியே நின்றால் குறையாக நிற்கும் சொல், வேறொன்றைக் கொண்டு முடியவேண்டிய சொல். பெயரைக் கொண்டு முடிந்தால் பெயரெச்சம். வினையைக் கொண்டு முடிந்தால் வினையெச்சம். சொல்லின் வாலைப் பிடித்து ஆராய்வதைத் தமிழாசிரியர் எவரும் முதல் வேலையாகச் செய்வதில்லை. "எதைக் கொண்டு முடிகிறது?" என்றே கேட்பார். அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கில வகுப்புக்கு எடுத்துச் சென்றால் போதும். 'ஃபாஸ்ட் கார்' என்பதில் பெயரைக் கொண்டு முடிகிறது. 'ரன் ஃபாஸ்ட்' என்பதில் வினையைக் கொண்டு முடிகிறது. சொல் ஒன்றே, பற்றுக்கோடு வேறு. ஆங்கில வினையடை இன்னொரு பெயரடையையோ வினையடையையோ முழு வாக்கியத்தையோ பற்றி நிற்பதும் உண்டு. அங்கும் கேள்வி அதேதான்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் எங்களை வழுக்கவைக்கும். 'அவன் மகிழ்ச்சியாக இருக்கிறான்' என்று 'ஆக' சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கு. 'ஆக' வந்தால் வினையடை என்று எண்ணிய மாணவன் 'ஹி இஸ் ஹப்பிலி' என்று எழுதுகிறான். ஆங்கிலத்தில் 'இஸ்', 'ஆர்', 'லுக்', 'ஃபீல்', 'ஸ்மெல்' போன்ற வினைகள் பாலம் மட்டுமே. அவற்றுக்குப் பின்னால் வரும் சொல் பாலத்தைத் தாண்டிப் போய் எழுவாயைப் பற்றுகிறது. ஆகவே அங்கே பெயரடைதான் வரும். சோறு 'ஸ்மெல்ஸ் குட்'. 'ஸ்மெல்ஸ் வெல்' அல்ல. இந்தப் பாலத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். இக்கட்டுரையின் மிகத் துயரமான வாக்கியம் அதன்மேல்தான் நடந்து வரும்.

பெயரடை ஒரு பொருளின் நிலையைச் சொல்கிறது. வினையடை ஒரு செயல் எப்படி, எங்கே, எப்போது நடந்தது என்று சொல்கிறது. செயல் என்று வந்துவிட்டால் செய்தவன் யார் என்ற கேள்வி உடனே வந்துவிடும். பெயரடையோடு நின்றுவிட்டால் அந்தக் கேள்வி வராது. அதிகாரத்துக்கு இந்த வேறுபாடு மிக நன்றாகத் தெரியும். வன்னியின் அண்மைக்கால வரலாற்றை எழுதிய ஆங்கிலத்தை எடுத்துப் பாருங்கள்.

2009 ஜனவரி 21 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தில் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதிகளை உள்ளடக்கி அரசாங்கம் ஒரு வலயத்தை அறிவித்தது. 'சேஃப் ஸோன்', பாதுகாப்பான வலயம். பெப்ரவரியில் புதுமாத்தளனை அண்டிய கரையோரத்தில் இன்னொன்று. மே மாதம் முள்ளிவாய்க்காலில் மூன்றாவது. 'சேஃப்' என்பது வலயம் என்ற பெயரைப் பற்றி நிற்கும் பெயரடை. அதை வினையடையாக மாற்றிப் பாருங்கள்: அங்கே மக்கள் பாதுகாப்பாக இருந்தார்களா? அந்த வலயங்களுக்குள் எறிகணைகள் விழுந்தன என்பதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதிவைத்தது. பெயரடையை 'ஆக' என்று மாற்றிய கணமே வலயம் என்ற பெயர் மறைந்து, மனிதர்களும் அவர்கள்மேல் விழுந்தவையும் தெரியத் தொடங்குகின்றன.

அந்தப் போர்நடவடிக்கைக்கு வைக்கப்பட்ட பெயர் மனிதாபிமான நடவடிக்கை. 2011இல் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட நூலின் தலைப்பே 'ஹியூமனிற்றேரியன் ஒப்பரேஷன்: ஃபக்சுவல் அனலிசிஸ்' என்பதுதான். இரண்டு பெயர்கள், இரண்டு பெயரடைகள். மனிதாபிமானத்துடன் நடத்தப்பட்டதா, உண்மையாக ஆராயப்பட்டதா என்று வினையடையில் கேட்டால் ஆதாரம் காட்டவேண்டும். பெயரடைக்கு ஆதாரம் வேண்டியதில்லை. அட்டையில் அச்சிட்டாலே போதும். செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்த முகாம்கள் 'வெல்ஃபெயார் வில்லேஜ்' எனப்பட்டன, நலன்புரிக் கிராமங்கள். 2009 டிசெம்பர் வரை அங்கிருந்து ஒருவர் தாமாக விரும்பிச் சுதந்திரமாக வெளியே போக முடியவில்லை. 'தாமாக', 'விரும்பி', 'சுதந்திரமாக' என்ற சொற்கள் மூன்றும் எதைக் கொண்டு முடிகின்றன என்று மாணவனிடம் கேளுங்கள். 'போக' என்பான். அந்த வினைதான் அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது.

நியாயமாகச் சொல்லவேண்டும். ஆங்கிலம் உண்மையைச் சொல்ல, எங்கள் தமிழ் மறைத்த இடமும் உண்டு. முகாமிலிருந்த மக்களை ஐ.நா. வழக்குப்படி 'இன்ரேணலி டிஸ்பிளேஸ்ட்' என்றார்கள். 'டிஸ்பிளேஸ்ட்' செயப்பாட்டு வினையிலிருந்து வந்த சொல். யாரோ அவர்களை இடம்பெயர்த்தார்கள் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் அதை 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதின. இடம்பெயர்ந்தோர் என்றால் தாமாகவே பெயர்ந்தவர்கள். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று பாயும் பாத்திரமுமாக ஓடியவர்கள் எவரும் இடமாற்றம் விரும்பி ஓடவில்லை. இடம்பெயர்க்கப்பட்டோர் என்றுதான் எழுதியிருக்கவேண்டும். அந்த ஓரிரு எழுத்துக்குள் ஒரு தன்வினையும் ஒரு பிறவினையும் இருக்கின்றன. அதைக் கவனிக்காத ஒரு பத்திரிகை உலகம் ஆங்கில அறிக்கைகளைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை.

எனினும் ஒரு சொல்லில் வன்னித் தாய்மார் எங்களையும் ஆங்கிலத்தையும் ஒருசேரத் திருத்திவிட்டார்கள்.

'மிஸ்ஸிங் பேர்சன்ஸ்' என்பது அரச ஆங்கிலம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அமைத்த அலுவலகத்தின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. தமிழில் அது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். 'மிஸ்ஸிங்' பெயரடை. காணவில்லை என்ற நிலையை மட்டும் சொல்கிறது. அதன் தமிழ் இன்னும் மோசம். 'போன' என்ற பெயரெச்சத்துக்கு எழுவாய் போனவனே. அதாவது காணாமல் போனது அவன் செய்த செயல். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைக்கும் இந்தச் சொல், வட்டுவாகலில் கையளிக்கப்பட்ட மகனுக்கும் இதே சொல்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் ஏ9 வீதியோரம் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரும், அதே காலத்தில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அமர்ந்தவர்களும் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அவர்கள் எழுதிய சொல் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. இதை ஓர் இலக்கண மாணவனைப் போல் பிரித்துப் பாருங்கள். 'வலிந்து' வினையெச்சம். 'காணாமல்' எதிர்மறை வினையெச்சம். இரண்டும் கொண்டு முடிவது 'ஆக்கப்பட்ட' என்ற செயப்பாட்டு வினையை. அதற்குமேல் 'ஓர்' என்று மனிதர்கள். எப்படி என்பதற்கும் விடை இருக்கிறது. யாரால் என்ற கேள்விக்கு இடமும் இருக்கிறது. 'யாரால் காணாமல் ஆக்கப்பட்டார்?' என்று கேட்கலாம். 'யாரால் காணாமற்போனார்?' என்று கேட்டால் வாக்கியமே நிற்காது.

ஆங்கிலமும் இதே வழியில் நடக்க நேர்ந்தது. 'டிஸப்பியர்' என்பது சாதாரண ஆங்கிலத்தில் தானே நிகழும் வினை, மறைந்தான் என்பதுபோல. 1970களில் இலத்தீன் அமெரிக்க நாடுகளின் இராணுவ ஆட்சிகள் ஆட்களை மறைத்தபோது அந்த வினைக்கு ஒரு செய்பவன் தேவைப்பட்டான். 1977 ஏப்ரல் 30 அன்று ஆர்ஜென்ரீனாத் தலைநகரின் மே சதுக்கத்தில் தாய்மார் கூடத் தொடங்கினார்கள். அந்தப் போராட்டங்களின் மொழி ஸ்பானியத்திலிருந்து உலக ஆங்கிலத்துக்குள் பரவியது. 'ஃபோர்சிப்ளி டிஸப்பியர்ட்', பலவந்தமாக மறைக்கப்பட்டவர். வினையடையும் செயப்பாட்டு வினையும். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சமவாயம் 'என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்' என்று பெயரடையும் பெயருமாக அதைச் சட்டமொழி ஆக்கியது. எனினும் அரசின் முகவர்கள் செய்த செயல் என்பதை வரைவிலக்கணத்திலேயே எழுதிவைத்தது. இலங்கை அதை 2016இல் ஏற்று, 2018இல் 5ஆம் இலக்கச் சட்டமாகவும் ஆக்கியது. ஆக, இந்நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே இரண்டு சொற்களும் இருக்கின்றன. குற்றத்தைச் சொல்லும் சட்டத்தில் ஒரு சொல்; அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் மற்றது.

'மிஸ்ஸிங்' நடுநிலையான சொல் அல்லவா, போர்க்களத்தில் காணாமற்போன இராணுவத்தினரின் குடும்பங்களும் அதே அலுவலகத்தை நாடுகின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒன்றும் தெரியாதபோது 'மிஸ்ஸிங்' நடுநிலையான சொல்தான். கண்ணால் கண்டவர் வந்து சாட்சி சொன்ன பிறகும் அதே சொல்லோடு நிற்பது நடுநிலை ஆகாது. வவுனியா மேல் நீதிமன்றத்தில் 2013 முதல் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்த குடும்பங்கள் சொன்னது, உறவினரை இராணுவத்திடம் சரணடையக் கொடுத்தோம் என்பது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னும் அதையே சொன்னார்கள். சரணடைந்த பின் காணாமற்போனதாகக் கூறப்படுபவர்கள் குறித்து விசாரிக்கவேண்டும் என்று அந்த ஆணைக்குழுவே 2011இல் பரிந்துரைத்தது.

அந்தத் தாய்மாரின் வாக்கியம் பெரும்பாலும் இந்த அமைப்பில் இருக்கும்: மே 18ஆம் திகதி, வட்டுவாகலில், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று கையளித்தேன்; பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். எப்போது, எங்கே, எப்படி, யாரிடம். வாக்கியம் முழுவதும் வினையைப் பற்றி நிற்கும் சொற்கள். அழகுக்கு ஒரு பெயரடைகூட இல்லை. இதை ஆங்கிலத்தில் ஒரு படிவத்தில் நிரப்புகிறவர் 'சன் மிஸ்ஸிங்' என்று எழுதிவிட்டுப் போகிறார். ஐந்தாறு வினையடைகள் போய் ஒரு பெயரடை மிஞ்சுகிறது. நான் முன்னர் பணியாற்றிய ஒரு செய்தி அறையிலும், பிரதேச நிருபர் 'ஏற்றிச் சென்றனர்' என்று அனுப்பிய வாக்கியம் மேசையைத் தாண்டும்போது 'காணாமற்போயினர்' என்று ஆகிவிடும். காரணம் கேட்டால் சுருக்கம் என்பார்கள். சுருங்கியது வாக்கியமா, சாட்சியமா என்று கேட்பதற்கு அங்கே இடமிருக்கவில்லை.

2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, ஐ.நா.வின் வதிவிட ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்த பின் அவரது அலுவலகம் ஒரு செய்திக்குறிப்பை வெளியிட்டது. காணாமற்போன இந்த ஆட்கள் 'ஆர் அக்சுவலி டெட்' என்று அதில் இருந்தது. முன்னர் சொன்ன பாலம் இதுதான். 'ஆர்' என்ற பால வினை. 'டெட்' என்ற பெயரடை. அவர்கள் இறந்த நிலையில் உள்ளார்கள், அவ்வளவுதான். எங்கே இறந்தார்கள், எப்படி, எப்போது, எவர் கையில்? பெயரடை பதில் சொல்லாது. 'அக்சுவலி' என்ற வினையடை ஒன்று இருக்கிறதே என்றால், அது எந்தச் செயலையும் பற்றவில்லை. சொல்பவரின் தொனியை மட்டும் பற்றி நிற்கிறது. ஆதாரம் இருக்கவேண்டிய இடத்தில் அழுத்தம் வைக்கப்பட்டிருக்கிறது.

அதே குறிப்பின் அடுத்த வாக்கியத்தையும் வாசியுங்கள். இவர்களில் பெரும்பாலானோர் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டவர்கள் அல்லது 'ஃபோர்ஸ்ஃபுலி' படையில் சேர்க்கப்பட்டவர்கள் என்று அது சொன்னது. இங்கே வினை வந்துவிட்டது. செய்தவர் பெயர் வந்துவிட்டது. வினையடையும் வந்து வினையைப் பற்றி நிற்கிறது. புலிகள் பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிடித்துச் சேர்த்தார்கள் என்பது உண்மை. பங்கருக்குள் பிள்ளையை ஒளித்துவைத்த வன்னித் தாய்மாருக்கு அதை எவரும் சொல்லத் தேவையில்லை. அதை மறைத்து எழுதுவதும் பொய். ஆனால் குறிப்பை எழுதியவருக்குப் பெயரடைக்கும் வினையடைக்கும் வேறுபாடு தெரியாது என்று மட்டும் எவரும் சொல்லமுடியாது. பிறர் செய்ததைச் சொல்லும்போது செய்பவனும் வினையும் வினையடையும். தம் பக்கத்துக் கேள்வி வரும்போது பாலமும் பெயரடையும். சாதாரண தரப் பரீட்சையில் இதற்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.

இதே வேறுபாடு வீடுகளுக்குள்ளும் வந்து நிற்கிறது. பாடசாலைப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'லேற்' என்று எழுதுவதா, விடுவதா? ஆங்கிலத்தின் மிகச் சிறிய பெயரடைகளில் ஒன்று, தமிழில் 'காலஞ்சென்ற'. அதை எழுதினால் கணவன் இறந்தான் என்று மனைவியே கையொப்பமிட்டதாகும். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிசெய்யும் சான்றிதழ் பெற வழி செய்யப்பட்டது. பலர் அதையும் பெற மறுத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். வினையை ஒருவரும் ஒப்புக்கொள்ளாதபோது பெயரடையில் கையெழுத்து வைக்க மாட்டோம் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. இலக்கணப்படியும் அது சரியான நிலைப்பாடு.

எங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். புலம்பெயர் அமைப்புகளின் ஆங்கில அறிக்கைகளைப் பாருங்கள். வாக்கியத்துக்கு மூன்று பெயரடைகள். தமிழ்ப் பத்திரிகைகளும் இணையத்தளங்களும் இதில் பின்தங்கவில்லை. 'கொடூரமான', 'மிலேச்சத்தனமான', 'ஈவிரக்கமற்ற'. சொல்பவர் மனம் ஆறலாம். வாசிக்கும் வெளிநாட்டு அதிகாரி அடுத்த தாளைப் புரட்டுகிறார். மன்னார் ஆயராக இருந்த அமரர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த சாட்சியம் இதற்கு எதிர்மாறானது. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்ததாக அரச கச்சேரிகளின் பதிவு காட்டிய மக்கள் 429,059. 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? இரண்டு எண்கள், ஒரு கழித்தல், ஒரு வினை. எல்லாப் பெயரடைகளும் மறந்துபோன பிறகும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆகவே அந்த ஆசிரியருக்கும், வன்னிப் பிள்ளைகளுக்கு வெளிநாடுகளிலிருந்து இலக்கணப் புத்தகம் அனுப்பும் நண்பர்களுக்கும், சூம் வகுப்பு எடுப்பவர்களுக்கும் நான் சொல்லக்கூடியவை மூன்று. முதலாவது, 'லி' விதியைக் கைவிடுங்கள். எதைக் கொண்டு முடிகிறது என்று கேட்கப் பழக்குங்கள். இரண்டாவது, சந்தேகம் வரும்போது 'ஆன' என்பதை 'ஆக' என்று மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஆக' ஒரு வினையைத் தேடும், வினை செய்தவரைத் தேடும். 'இருக்கிறான்' என்ற இடத்தில் மட்டும் கவனம். மூன்றாவது, பயிற்சிக்குப் பூனை மெதுவாக நடந்தது என்ற வாக்கியங்களோடு நிறுத்திவிடாதீர்கள். பத்திரிகைச் செய்தியை, அரச அறிவிப்பை, ஐ.நா. அறிக்கையின் ஒரு பந்தியைக் கொடுங்கள். பெயரடைகளுக்குக் கீழே ஒரு கோடும் வினையடைகளுக்குக் கீழே இரண்டு கோடுகளும் இடச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து அறிக்கையாக இருந்தாலும் சரி, எங்களுடையதையும் சேர்த்துத்தான். இது அரசியல் என்று யாராவது ஆட்சேபித்தால், இது வினையடைப் பயிற்சி என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

2009இல் முள்ளிவாய்க்காலிலும் மெனிக் பாமிலும் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தை அம்மம்மாவுக்கு வாசித்துச் சொல்வது அவர்கள்தான். அம்மம்மா சொல்வதை ஆங்கிலத்தில் எழுதப்போவதும் அவர்கள்தான். பதில் தெரியாமலே கண்ணை மூடிய பெற்றோர் ஏற்கனவே பலர். மிஞ்சியிருப்பவர்கள் சொல்லும் வாக்கியத்தில் திகதி, இடம், விதம் எல்லாம் இன்னமும் கலையாமல் இருக்கின்றன. அதை 'மிஸ்ஸிங்' என்று சுருக்காமல், ஒரு வினையடையும் சிந்தாமல் ஆங்கிலத்தில் இறக்கிவைக்க அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும். வன்னியின் ஆங்கில ஆசிரியரிடம் நான் வேண்டுவது அவ்வளவே.